எட்டுக்குப் போய்வந்த செவ்வாய்

எங்களுடையது பேச்சுக் கலியாணம் என்றுதான் எங்கள் ஊர் புளியங்கூடல் இன்றுவரை நம்புகிறது. அப்படி நம்ப வைக்க நாங்கள் இருவரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவர் எனக்கு முன்னரே ஏறி, பக்கத்து இருக்கையில் குடையை வைத்து இடம் பிடித்திருப்பார். மழையில்லாத மாதங்களிலும் குடை வந்தது. அது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததும், கலியாணத் தரகர் ஒருவரைப் பிடித்து, அவருக்கே இந்தச் சம்பந்தம் தோன்றியது போல இரண்டு வீட்டிலும் பேச வைத்தோம்.

மிச்சம் இருந்தது சாதகப் பொருத்தம் மட்டும். அது பொருந்தாவிட்டால் அவருடைய அப்பா அசையமாட்டார். அவர் ஓய்வுபெற்ற கிளாக்கர். வட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வதந்தி, ஈமெயிலில் வருவதுதான் ஆவணம் என்பது அவர் கட்சி. என் சாதகக் குறிப்பையும் ஈமெயிலில்தான் கேட்டார்.

என் குறிப்புக் கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. அண்ணன் எப்போதோ கணினியில் அடித்து வைத்த கட்டம்தான் இருந்தது. அண்ணன் கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்த பழைய லப்டொப்பில் அதை எடுத்து ஈமெயிலில் ஒட்டினேன். எல்லாம் வலப்பக்கம் போய் ஒண்டிக்கொண்டு நின்றது. கலியாண விசயம், கொஞ்சம் அலங்காரமாக இருக்கட்டுமே என்று அப்படியே அனுப்பிவிட்டேன். தன் சாதகத்தைத் தானே உற்றுப் பார்க்கும் பழக்கம் யாருக்கு இருக்கிறது? அது மற்றவர்கள் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கான பொருள்.

அவருடைய அப்பா அதை அச்செடுத்துப் பக்கத்து ஊரான சரவணையில் ஒரு சாத்திரியாரிடம் கொண்டுபோனார். பதில் ஈமெயிலில் வந்தது. "பெண்ணுக்குச் செவ்வாய் எட்டில். குற்றம் உள்ளது. பொருந்தவில்லை. மன்னிக்கவும்."

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார்.

"பிறந்த நாள் தொட்டு ஆறில இருந்த செவ்வாய். இப்ப ஏன் எட்டுக்குப் போகுது? விருப்பமில்லையெண்டா நேர சொல்லலாம்தானே. ஏன் கிரகத்தில பழி போடுகினம்?"

நான் அறைக்குள் போய் அழுதேன். நிறம், படிப்பு, வீடு என்று எதைக் குறை சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். செவ்வாயோடு யார் சண்டை பிடிப்பது?

மறுநாள் பஸ்ஸில் குடை இருந்தது, ஆனால் அவர் முகத்தில் உயிரில்லை. அப்பாவின் கோப்பிலிருந்து உருவி வந்த அந்த அச்சுத்தாளை நீட்டினார். பண்ணைப் பாலத்துக் காற்றில் தாள் படபடத்தது. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒவ்வொரு வரியிலும் முற்றுப்புள்ளி கடைசியில் நிற்காமல் முதல் சொல்லுக்கு முன்னால் வந்து நின்றது.

"உம்மட லப்டொப் எங்கத்தையான்?" என்று கேட்டார்.

"கட்டார். அங்க ஒரு அரபிக்காரர் பாவிச்சதாம்."

"அவை வலப்பக்கத்தாலதானே எழுதுறவை. அப்ப கட்டமும் புரண்டிருக்கும்."

புரண்டுதான் இருந்தது. சாதகக் கட்டத்தில் வீடுகளை இடமிருந்து வலமாகச் சுற்றி எண்ணுவார்கள். கட்டம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பினால் ஆறாம் வீடு எட்டாம் வீடாகிவிடும். சாத்திரியார் பார்த்தது என்னை அல்ல, கண்ணாடிக்குள் இருந்த வேறொருத்தியை.

அன்று பின்னேரம் ஈமெயிலில் எழுத்தின் திசையை மாற்றும் பொத்தானைத் தேடிப் பிடித்தேன். ஒருமுறை அமத்த, செவ்வாய் ஆறில். இன்னொருமுறை அமத்த, எட்டில். தலையெழுத்தை மாற்ற ஏலாது என்பார்கள். எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

திருத்தி அனுப்பியதற்கு வந்த பதில்: "அன்று எட்டில், இன்று ஆறில். செவ்வாய் இவ்வளவு வேகமாக நடப்பதில்லை."

பொறுமை போய்விட்டது. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய ஊரான சுருவிலுக்குப் புறப்பட்டேன்.

"பொம்பிளை பாக்க அவைதான் வாறது. நாங்கள் போறதோ?" என்று புறுபுறுத்தபடி அம்மாவும் வந்தார்.

அந்த வீட்டில் தேத்தண்ணித் தட்டோடு வந்தது மாப்பிள்ளை. தலை நிமிரவில்லை. எனக்குத் தரும்போது கொஞ்சம் சிந்தியது. "இவர்தான் மகன்" என்றார் அப்பா. நான் முதன்முதலாகக் காண்பவள் போலப் பார்த்தேன். நடிப்பு நன்றாக வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பொத்தானை அமத்திக் காட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உப்பிடி ஆட்டலாமெண்டா ஆரின்ர செவ்வாயையும் ஆட்டலாமே, பிள்ளை."

"ஓம். அதைத்தான் சொல்லுறன். உங்கட மகன்ர குறிப்பையும் தாங்கோ."

மாப்பிள்ளையின் கட்டத்தையும் அடித்துப் பொத்தானை அமத்தினேன். பத்தில் சும்மா இருந்த செவ்வாய் நாலில் போய்க் குந்திக்கொண்டது. அங்கேயும் அது குற்றம்தான். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து மாப்பிள்ளை உள்ளே ஓடிவிட்டார், சிரிப்பை அடக்க ஏலாமல். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இப்ப ரெண்டு பேருக்கும் குற்றம். குற்றத்துக்குக் குற்றம் பொருந்தும்தானே?"

அப்பா நேரான சோடியையும் புரண்ட சோடியையும் அச்செடுத்துக்கொண்டு மறுபடி சரவணைக்குப் போனார். சாத்திரியார் நாலு தாளையும் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்தால பாத்தாலும் இதுகள் ரெண்டும் சேருதுகள், இனி என்னை விடுங்கோ" என்றாராம்.

அப்பாவின் முடிவு ஈமெயிலில் வந்தது. நான் முதலில் அனுப்பிய கடிதத்துக்கே பதில் எழுதியிருந்தார். அதனால் அந்த ஒற்றைச் சொல் வலப்பக்கக் கரையில் நின்றது, முற்றுப்புள்ளி அதற்கு முன்னால்.

.சம்மதம்

வாசித்துவிட்டு மறுபடி அழுதேன். அந்தப் புள்ளியை இடத்தில் வைக்க எனக்குத் தெரியும். பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை.