கலைமணி வீட்டு ரோஜா

கேஸ் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கியதும் ஆரோக்கியராஜ் ஓடிபி கேட்பதில்லை. வாசலில் ரோஜாச் செடி இருந்தால் நேரே அதனிடம் போய், இலையைத் திருப்பி, அடியில் இருப்பது செம்பேன் பூச்சியா, மாவுப்பூச்சியா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் முகமெல்லாம் அதற்குப் பிறகுதான். பென்னாகரத்தில் கதவு எண் மறந்துபோகும்; எந்த வீட்டு ரோஜாவுக்கு என்ன நோவு என்பது மறக்காது.

பேச்சு கொஞ்சம் முரடு. கேட்டால், "செடிக்கு வாயில்லைங்க. அதுக்கும் சேத்து நான் கத்துறேன்" என்பார்.

போன தை மாதம் தையற்காரி கலைமணியின் வீட்டுக்குப் போனார். தொட்டியில் நின்ற ரோஜா கீழிருந்து மஞ்சளாகி இலை உதிர்த்திருந்தது. கிளை நுனிகள் கறுத்திருந்தன. மண்ணுக்குள் விரலை விட்டார். சேறு.

"தெனம் எத்தினி வாட்டி தண்ணி ஊத்துறீங்க?"

"காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. வாடுதேன்னு மத்தியானமும்ணா."

"ஏம்மா, ஊத்தி ஊத்தியே சாவடிக்கிறீங்களே!"

கலைமணி தலை குனிந்தாள். "எங்க வூட்டுக்காரரு லாரில போறப்ப ஓசூர்ல வாங்கியாந்தது. அவரு தவறிப்போயி ஒன்றரை வருசமாச்சு. இதையாவது காப்பாத்தலாம்னுதான்..."

வண்டியில் இன்னும் ஒன்பது சிலிண்டர் காத்திருந்தன. ஆரோக்கியராஜ் அங்கேயே குந்தி உட்கார்ந்து தொட்டியைக் கவிழ்த்தார். அடி ஓட்டை அடைத்திருந்தது. பாதி வேர் அழுகி நாறியது. அழுகலை வெட்டி எறிந்தார். கறுத்த கிளைகளையும் பச்சை தெரியும்வரை நறுக்கினார். ஒவ்வொரு நறுக்கலுக்கும் கலைமணி கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டையைக் குத்தித் திறந்து, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நட்டார். மிஞ்சியது சாண் உயரத்தில் மூன்று குச்சி.

"மண்ணு காஞ்சாத்தான் தண்ணி. அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருங்க. பொழைக்கும்" என்றார். பிழைக்கும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

அதன்பின் சிலிண்டர் இல்லாத நாளிலும் அந்தத் தெரு வழியாகவே வண்டி போயிற்று. இறங்குவார், மண்ணைத் தொடுவார், போய்விடுவார். பதினெட்டாம் நாள் ஒரு குச்சியின் கணுவில் மிளகளவு சிவப்புத் துளிர் தெரிந்தது. "அண்ணா!" என்று கலைமணி தெருமுனைவரை ஓடி வந்து வண்டியை மறித்தாள்.

பங்குனியில் ஒரு மொட்டு வந்தது. பிழைத்து வந்த செடிக்கு முதல் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும், பூத்தால் பலம் போய்விடும் என்பது அவர் எல்லா வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லும் விதி. அன்றும் சொன்னார். நகத்தைக் காம்பில் வைத்தார்.

"கிள்ளுங்கண்ணா. நீங்க சொன்னா சரிதான்" என்றாள் கலைமணி. ஆனால் அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியராஜ் நகத்தை எடுத்தார். குனிந்து, மொட்டு வீட்டுக்குள் இருந்த அவள் தையல் மெஷினைப் பார்க்கும்படி தொட்டியை அரை வட்டம் திருப்பி வைத்தார்.