மூலை சீட்டும் ஓப்பன் ஹெட்போனும்

"அண்ணா, பின்னால பாரு. படிக்கட்டுல ரெண்டு பேர் ஏறிக்கினு இருக்காங்க."

சொன்னவன் என் சித்தி மகன். அவன் கத்தவில்லை. பரீட்சை ஹாலில் ஸ்கேல் கேட்பவனைப் போல மெதுவாகச் சொன்னான். நான் கம்ப்யூட்டர் திரையில் சட்டென்று திரும்பிச் சுட்டேன். படிக்கட்டில் ஏறிய இரண்டு பேரும் விழுந்தார்கள். அதே நேரத்தில் கவுண்டரிலிருந்து பிரவுசிங் சென்டர் ஓனர், "டீ யார் யாருக்குடா?" என்று கேட்டார். இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் "எனக்கு வேணாண்ணா" என்றான். அவன் தலையில் ஹெட்போன் இருந்தது. விளையாட்டில் எவனோ ஏறும் காலடியும் கேட்கிறது, டீ கேட்பவர் குரலும் கேட்கிறது.

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இது அவன் காதின் சாமர்த்தியமாக இருக்க முடியாது, காதின்மேல் மாட்டியிருக்கும் பொருளின் வேலை. அதேபோல் ஒன்று எனக்கும் வேண்டும். இல்லையென்றால் மூலை சீட் போய்விடும். போய்விடும் என்ன, அன்றைக்கே போய்விட்டிருந்தது.

மூலை சீட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். வாரநாளில் ரிசல்ட் பார்க்கவும் வேலைக்கு மெயில் அனுப்பவும் ஆட்கள் வருவார்கள். ஞாயிறு மதியம் எங்கள் ராஜ்யம். பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து சுடுகிற கேம் ஆடுவோம். துப்பாக்கிச் சத்தம் தாங்காமல் கீழே இருந்த மருந்துக் கடைக்காரர் மேலே வந்து சண்டை போட்டதிலிருந்து, ஓனர் எல்லா ஸ்பீக்கரையும் பிடுங்கி வைத்துவிட்டார். ஹெட்போன் மாட்டினால் சத்தம் வருகிற சிஸ்டம் இரண்டுதான், இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. மற்றவர்கள் எல்லாரும் ஊமைப் படம் பார்ப்பதுபோலத்தான் ஆட வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டானது. அணிக்கு ஒரு 'காது'. மூலையில் உட்காருபவன் கேட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதை வைத்துச் சுட வேண்டும்.

எங்கள் அணிக்கு அதுவரை நான்தான் காது. சித்தி மகனுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவனுக்கு எந்த விசை எதற்கு என்றுகூடத் தெரியாத காலத்தில், என் நாற்காலிக்குப் பின்னால் நின்று "அண்ணா சூப்பருணா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

என்னிடமும் ஹெட்போன் இருந்தது. கறுப்பு, கனம், காதை முழுசாக விழுங்குகிற ரெக்ஸின் மெத்தை. எங்கள் ஊரில் நல்ல ஹெட்போனுக்கு ஒரே இலக்கணம்தான், வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது. இரும்புக் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லில் வேலை செய்கிறவர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் மூடியைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படி நினைப்போம்? என்னுடையதை மாட்டினால் உலகமே செத்துப்போகும். அதில் எனக்குப் பெருமை. ஆனால் என் அணிக்காரர்கள் ஏதாவது கேட்க வேண்டுமானால் என் தோளில் குத்த வேண்டும். என் குரலே எனக்குக் கேட்காததால் நான் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். "எதிர் டீமுக்கும் சேத்து நீதான்டா காது" என்று ஒருவன் அடிக்கடி சொல்வான். அதை நான் ஜோக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி மகனின் ஹெட்போனுக்கு வெளிப்பக்கம் மூடியே இல்லை. டீ வடிகட்டி மாதிரி ஒரு கம்பி வலை மட்டும். சித்தப்பாவுடன் அத்திப்பட்டு மின்நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. உள்ளே ஓடுகிற பாட்டு வெளியே கசியும், வெளியே நடப்பது உள்ளே வரும். அதற்கு ஓப்பன் ஹெட்போன் என்று பெயர் என்பதையும் அவன்தான் சொன்னான். அவன் சொல்லி நான் தெரிந்துகொள்வதா?

ஆட்டம் முடிந்ததும் அதை என் தலையில் மாட்டிவிட்டு ஒரு பாட்டு போட்டான். எனக்கு மனப்பாடமான பாட்டு. பாடகர் அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது. வயலின்காரர்கள் எனக்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். தபலா மண்டைக்குள் அடிக்காமல் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. இத்தனை வருஷமாக நான் இந்தப் பாட்டைக் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. அதற்குமேல் ஒரு நிமிடம் கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கழற்றிவிட்டேன்.

"எப்டிகீதுணா?"

"பரவால்ல. பேஸ் கொஞ்சம் கம்மி."

"ஒரு வாரம் வச்சிக்கினு கேளேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"வேணாம், தல வலிக்குது."

அவன் நல்லவன். அதுதான் பெரிய தொல்லை. கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டாவது தூங்கியிருப்பேன்.

மறுநாளிலிருந்து நெட்டில் இதைப் பற்றி மேய்ந்தேன். மூடி இல்லாததால் உள்ளே சத்தம் மோதித் திரும்புவதில்லை, அதனால் இடமும் தூரமும் தெளிவாகத் தெரிகிறது என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. எனக்கு அது போதும். பள்ளியில் கூடப் படித்தவன் ஒருவன் அவன் மாமாவின் ஷெட்டில் ஜன்னல் கிரில் செய்துகொண்டிருந்தான். என் கறுப்பு ஹெட்போனை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"இன்னா நைனா, இத இன்னா பண்ணணும்?"

"ரெண்டு பக்கமும் ஓட்ட போடணும்."

"நல்லாத்தானே கீது?"

"நல்லா இருக்கறது போதாது. ஓப்பனா இருக்கணும்."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவன் சுத்தக்காரன். காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, பஞ்ச் உளியால் தட்டிப் புள்ளி வைத்து, டிரில் மெஷினில் ஓட்டைகளைப் பூ மாதிரி வரிசையாக இறக்கினான். பார்க்க வெளிநாட்டுச் சாமான் போலவே ஆகிவிட்டது. மாட்டிப் பாட்டு போட்டேன். பேஸ், அதாவது அந்தக் கனத்த அடிச்சத்தம், மொத்தமாகக் காலி. பாடகர் பவுடர் டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடினார். ஷெட்டில் கிடந்த இரும்புத் தூள் ஓட்டை வழியாக உள்ளே போய் ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டு, வலப்பக்கம் தபலா அடிக்கும்போதெல்லாம் கரகரவென்று கூடவே ஆடியது.

"பாக்க சோக்கா கீதுடா" என்றான் அவன்.

"பாக்கறதுக்கா வாங்கினேன்?"

"பின்ன மாட்டிக்கினு போ. கேக்கறவன் ஒருத்தன், பாக்கறவன் நூறு பேரு."

இனி வாங்குவதைத் தவிர வழியில்லை. பாட்டுக்கும் கேமுக்கும் ஒன்றே, ஓப்பனாக, என் டியூஷன் காசுக்குள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு, ரயில் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கையோடு ஒரு சி.டி. பிளேயர். அதற்கென்றே ஒரு சி.டி. எழுதியிருந்தேன். முதலில் அந்த வயலின் பாட்டு, அடுத்து கேமிலிருந்து பதிவு செய்த காலடிச் சத்தம்.

கடைக்காரர் முதலில் எதையும் பிரித்துக் காட்ட மாட்டேன் என்றார். நான் நகராமல் நின்றேன். ஷோவுக்கு வைத்திருந்தவற்றை அலுப்போடு எடுத்துப் போட்டார். ஒன்றை அவரே காதில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னா தம்பி, பாட்டே காணோம்? எவனோ நடந்துக்கினு கீறான்."

"அவன் எந்தப் பக்கம் நடக்கறான்னு தெரியணும்ணா. அதுக்குத்தான்."

"தெரிஞ்சு?"

"சுடணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டுக்கு ஒண்ணு, இந்தக் கூத்துக்கு ஒண்ணு வாங்கிக்கோ."

"ரெண்டுக்கும் ஒண்ணுதான்ணா. மூடி இருக்கக் கூடாது. வெலையும் கம்மியா இருக்கணும்."

"கண்ணாலத்துக்குப் பொண்ணு தேடறவன்கூட இவ்ளோ கண்டிஷன் போட மாட்டாம்பா."

பெரிய மெத்தை வைத்த ஒன்றில் பேஸ் திமுதிமுவென்று வந்து காலடியை அமுக்கிவிட்டது. இன்னொன்றில் காலடி துல்லியம், ஆனால் பாடகர் 'ச' என்று சொல்லும்போதெல்லாம் எண்ணெயில் கடுகு போட்டதுபோல் சீறியது. சித்தி மகனுடையதைப் போலவே வலை போட்ட ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டு, கேட்காதவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். கடைசியில் மெல்லிய தகடு வளையமும் காதில் ஒட்டுகிற ஸ்பாஞ்சும் உள்ள ஒன்று. பேஸ் கொஞ்சம் மெலிவுதான். ஆனால் வயலின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தது, நடப்பவன் என் பிடரிக்குப் பின்னால் நடந்தான். தலையில் இருப்பதே தெரியவில்லை. அதை வாங்கினேன். ரயிலில் திரும்பும்போதும் ஒரே கணக்குதான், அவனுடையதில் இது எத்தனை பங்கு தேறும்? பாதி? முக்கால்?

வீட்டுக்கு வந்து என் பழைய சிஸ்டத்தில் மாட்டினேன். பாட்டு ஆரம்பித்தது, பாடகர் மூச்சு இழுத்தார், அவ்வளவுதான். எதிரே ரோலிங் மில்லில் அடுத்த கம்பி தடாலென்று இறங்கியது. அதன் பிறகு டிரெய்லர் லாரி. பிறகு அப்பாவின் குரல். மில்லிலேயே வேலை செய்பவர் என்பதால் அப்பா சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுவதுபோல் இருக்கும். அவருக்குக் கேட்க வேண்டுமென்று அம்மாவும் கத்துவாள், டி.வி.யும் கத்தும். மூடி இல்லாத ஹெட்போன் அத்தனையையும் மரியாதையாக உள்ளே அனுப்பிவைத்தது.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மூலை சீட்டைக் கேட்டேன். சித்தி மகன் உடனே எழுந்து கொடுத்தான். கத்தாமல் சொன்னேன், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், எல்லாம் சரி. ஆனால் காலடி எனக்குப் பாதிதான் கிடைத்தது. ஃபேன் சத்தத்திலும் பையன்கள் பேச்சிலும் அது கரைந்து போனது. "இடப்பக்கம்" என்றேன், வலப்பக்கத்திலிருந்து வந்து எங்களை மொத்தமாகச் சாய்த்தார்கள்.

"மச்சி, டப்பு போட்டு வாங்கினியே, காது ஃப்ரீயா குடுக்கலியா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். சித்தி மகன் சிரிக்கவில்லை. அது இன்னும் எரிந்தது. அடுத்த ஆட்டத்தில் அவனையே உட்கார வைத்தார்கள். அதே ஃபேன், அதே பேச்சு. அவன் ஒன்றைக்கூட விடவில்லை.

எப்படி என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தியைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு அத்திப்பட்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். "வாப்பா, சாப்ட்டியா?" என்று சித்தி கேட்டது எனக்கு முதலில் காதில் விழவே இல்லை, அவ்வளவு மெதுவாகப் பேசினாள். அந்த வீட்டில் எல்லாருமே அப்படித்தான் பேசினார்கள். வெளியே வேப்ப மரத்தில் காக்கா உட்காருவது கேட்டது. அங்கே கரண்ட்டும் போவதில்லை.

சித்தி மகன் என் ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தான். "உன்துகூட நல்லாத்தான்ணா கீது. என்துவிட லேசு." பிறகு அதை என் தலையில் திருப்பி மாட்டி, கேமை ஓடவிட்டான். "கண்ண மூடிக்கோ. அவன் மணல்ல நடக்கறானா, பலகையிலயா, இரும்புப் படியிலயான்னு சொல்லு."

சொன்னேன். எல்லாமே சரியாகச் சொன்னேன். அதே மலிவு ஸ்பாஞ்சு, அதே மெலிந்த பேஸ். மணலுக்கு ஒரு சத்தம், பலகைக்கு ஒரு சத்தம், எட்ட இருந்தால் ஒன்று, கிட்ட வந்தால் ஒன்று.

"தெனமும் இப்டித்தான் ஒக்காந்து கேட்டுக்கினு இருப்பேன்ணா. பழகிட்டா அப்பறம் எவ்ளோ சத்தத்துலயும் அது மட்டும் தனியா தெரியும்."

சிங்கப்பூர்ச் சாமான்மேல் இத்தனை நாள் பட்ட பொறாமை அங்கேயே கழன்று விழுந்தது. விழுந்து, நேராக அந்த அறையின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. ஹெட்போன் என்றால் டியூஷன் எடுத்தாவது வாங்கலாம். இந்த நிசப்தத்தை எந்தத் தெருவில் போய்க் கேட்பது? வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வேப்ப மரத்தைக்கூட விடாமல் பொருமிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரத்தில்தான் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் கத்தினார். "ஊரெல்லாம் கரண்ட் பத்தலியாம். இனிமே வாரத்துல ஒரு நாள் நம்ம பக்கத்து மில்லுங்களுக்குக் கரண்ட் கெடையாது. வியாழக்கிழம லீவு."

"ஊட்டுக்கு?"

"ஊட்டுக்கு உண்டு. எப்பவும்போல ரெண்டு மணி நேர கரண்ட் கட்டுதான்."

அம்மா முகம் வாடியது, அப்பாவின் ஓவர்டைம் போய்விடுமே என்று. நான் தட்டிலிருந்து எழுந்துவிட்டேன். வியாழக்கிழமை கம்பி இறங்காது. ஏற்ற ஒன்றும் இல்லாவிட்டால் டிரெய்லரும் வராது.

"ம்மா, வியாழக்கெழம டி.வி. போடாதீங்க. ஃபேனும் நான்தான் நிறுத்துவேன்."

"ஏன்டா? மண்ட கிண்ட கழண்டுச்சா ஒனக்கு? வெந்து சாவறதுக்கா?"

"படிக்கணும்மா."

அப்பாவுக்கு அது கேட்கவில்லை, "இன்னாவாம் அவனுக்கு?" என்று கத்தினார். நான் வெளியே வந்து, எதிர் அணியில் காதாக உட்காருபவனுக்கு போன் போட்டேன். அவனுக்கு அந்த வேலையே பிடிக்காது, துப்பாக்கி பிடிக்கத்தான் ஆசை. நான் அவர்கள் அணிக்கு வந்தால் அவனுடைய மூலையை எனக்கு விட்டுத்தருவானா என்று கேட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தான். சித்தி மகனிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முதல் வியாழக்கிழமை மணலும் பலகையும் கேட்டுப் பழக வேண்டும். அடுத்ததில் இரும்புப் படி. அதற்கடுத்த ஞாயிறு, சித்தி மகனுக்கு நேர் எதிர் மூலையில் நான்.