வாய் மூடத் தெரியாத கப்பல்

எங்கள் பாலோஸ் துறைமுகத்தில் கேப்டன் குத்தியேரே சார்க்கோவைப் பயந்தாங்கொள்ளி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆள் ஆறடி, தும்மினால் பாய் உப்பும், கப்பல் அரை மைல் நகரும். ஆனால் நடுக்கடலில், மூன்று கப்பல்களுக்கும் தலைவரான தளபதிக்கு எதிராகக் கலகம் செய்யத் துணிந்த அன்று அவர் மூன்று முறை பாவமன்னிப்பு ஜெபம் சொன்னார்.

காரணம் காய்ந்த ரொட்டி. மூன்று வாரத்துக்குத்தான் இருந்தது, அதில் பாதி புழு. தளபதியோ இன்னும் தெற்கே போகச் சொன்னார். பின்னால் வந்த கப்பலின் கேப்டன் லோபே பெர்ரியோவோடு குத்தியேரே ரகசியமாகப் பேசி முடித்திருந்தார்: இன்று இருவருமே அந்தி வணக்கம் சொல்வதில்லை.

பொழுது சாயும்போது ஒவ்வொரு கப்பலும் தளபதியின் கப்பலோரம் வரும். கேப்டன் குரல் கொடுப்பார். கடைசி வரியை மாலுமிகள் சேர்ந்து முழங்குவார்கள். வணக்கம் இல்லையென்றால் கலகம். இருவரும் மௌனம் காத்தால் தளபதியின் கப்பல் தனியாகிவிடும்; ஊர் திரும்பலாம். ஒருவர் மட்டும் மௌனம் காத்தால் அவர் கழுத்துக்குக் கயிறு.

"லோபே கடைசி நேரத்துல கால வாரிட்டா?" என்றார் குத்தியேரே.

விஷயம் தெரிந்த ஒரே ஆளான சுக்கான்காரர் நூன்யோ சிடுசிடுத்தார். "முதல்ல நீங்க வாய மூடுங்க கேப்டன். பல்லு அடிக்கிற சத்தம் தளபதிக்கே கேக்கும்போல."

தளபதியின் கப்பல் நெருங்கியது. பீரங்கிகளின் வாய் தெரிந்தது. குத்தியேரே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். எதிரே தளபதி காத்திருந்தார்.

"அடடா, கேப்டனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு! நாமளே சொல்லிருவோம்டா!" என்றான் பாய்மரத்தடியில் ஒருவன்.

"தளபதி ஐயா, கடவுள் உங்களைக் காப்பாராக!" முதல் வரியிலிருந்தே நாற்பது தொண்டைகள். கடலே அதிர்ந்தது.

"நல்லது. தெற்கே!" என்றார் தளபதி.

பின்னால் இதைக் கேட்ட லோபே, தான் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அதைவிடச் சத்தமாக வணங்கினார்.

தெற்கே கரையும் உணவும் கிடைத்து, இரண்டு வருடம் கழித்து இருவரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். துரோகி என்று லோபே அவரிடம் பேசுவதில்லை. குத்தியேரேவுக்கோ, அந்தப் பழைய சதியைப் பற்றி லோபே வாய் திறந்தால் இப்போதும் கயிறுதான் என்ற பயம். ஆகவே அவர் வாய் இன்னும் மூடியிருக்கிறதா என்று பார்க்க, தினமும் அந்தியில் வாசலில் நின்று, தெருவில் போகும் லோபேயை உரக்க வணங்குவார். லோபே முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்லாமல் போவார்.

அதன் பிறகுதான் குத்தியேரேவுக்குச் சோறு இறங்கும்.