வெள்ளையாக இறங்கிய எண்ணெய்

பட்டாளத்தில் ஓடிக் கழித்து ஏலத்துக்கு வந்த பிக்கப் வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வருவதற்குப் பல வருஷம் முன்னால் என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். ஓட்டியது அவர். அடியில் மல்லாக்கப் படுத்து எண்ணெய் மாற்றியது நான். அவர் உடம்பு கனத்த உடம்பு, வண்டிக்கு அடியில் நுழையாது. திருவள்ளூர் மெக்கானிக் இரண்டு தடவை வந்து செய்ததை நின்று பார்த்தேன். மூன்றாம் தடவை அவரைக் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போடுவதைத் தவிர எனக்கு அப்போது எழுத்து வராது. ஆனால் எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும் என்று தெரியும். இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

அந்த வண்டிக்கு எண்ணெய் மூன்று இடத்தில். முன் சக்கரங்களுக்கு நடுவே ஓர் இரும்பு உருண்டை, பின் சக்கரங்களுக்கு நடுவே இன்னொன்று. கிரவுன் என்பார்கள். இரண்டுக்கும் இடையில், கொஞ்சம் உயரத்தில், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. மெக்கானிக் அதற்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர் சொன்னார். எனக்கு அது நடுப்பெட்டி. வண்டி ஓடி வந்த சூட்டோடு செங்கல் முட்டுக் கொடுத்து, மேல் திருகைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அடித் திருகை முதலில் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு, மேல் திருகு வராமல் போனால் புது எண்ணெய் ஊற்ற வழியில்லை. பழையது கறுப்பாக, அழுகின முட்டை வாசனையோடு இறங்கும். புதியதை மேல் ஓட்டையில் வழிகிற வரைக்கும் ஊற்ற வேண்டும். அதுதான் அளவு.

எங்கள் வீட்டில் எல்லோரும் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்தவர்கள். என் கொழுந்தனார், வீட்டுக்காரரின் தம்பி, ஒரு நாள் படகில் போனவர் திரும்பவில்லை. படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. எங்களவர்களில் ஒருவர் செத்தால் மறுநாள் பால் ஊற்றுவோம். என் மாமியார் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"பொணத்தக் கண்ணால பாக்காம எம்புள்ளைக்குப் பால் ஊத்த மாட்டேன். எங்கனா கரை ஏறியிருப்பான்."

அதோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் படகை விற்றார். இனி ஏரித் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகுதான் இந்த வண்டி. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தவிட்டு மூட்டை ஏற்றி வருவார். தார் ரோட்டு ஓட்டம்தான்.

ஒரு கோடையில் முன் கிரவுனைத் திறந்தேன். அடுத்த வீட்டுக்காரி பழைய எண்ணெய்க்கு டப்பாவோடு வந்து உட்கார்ந்திருந்தாள். படகுக்கு அடியில் பூசுவாள். அடித் திருகு கழன்றதும் வெள்ளையாக இறங்கியது. கறந்த பால் மாதிரி, கெட்டியாக, வெதுவெதுப்பாக.

"இன்னாக்கா, ஒங்க வண்டி கன்னு போட்டுகீதா? பாலு கறக்குது!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரி டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் எங்கள் எண்ணெயை அவள் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போனபோது நானும் கூடப் போய் மெக்கானிக்கைத் தனியாகக் கேட்டேன்.

"தண்ணி பூந்துகீதும்மா. இரும்பு சூடா இருக்க சொல்லோ தண்ணியில எறக்கினா உள்ள இழுத்துக்கும். எண்ணெயோட கலந்தா இப்டித்தான் வெளுத்துடும். பேஜாரு. பல்லெல்லாம் துரு புடிச்சிடும்."

"தார் ரோட்டுல ஏது தண்ணி?"

"அத ஓட்டறவர கேளு."

அவரைக் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து மறுபடி திறந்தேன். முன் கிரவுனும் வெள்ளை, பின் கிரவுனும் வெள்ளை. எண்ணெய் வடித்த பேசினின் அடியில் தனியாகப் பிரிந்து நின்ற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஏரி உப்பு. அந்த ருசி எனக்குத் தெரியாதா?

அன்றைக்குத்தான் கதவுப் பக்கத்தையும் பார்த்தேன். பச்சை வண்ணத்தின் மேல், படிக்குக் கீழே, கோடு போட்டதுபோல உப்பு காய்ந்திருந்தது. நான் துடைத்தேன். நாலாம் நாள் கோடு மறுபடி இருந்தது, முன்னதைவிட நாலு விரல் உயரத்தில்.

சோறு போடும்போது கேட்டேன். "ஏன்யா, ஏரிப்பக்கம் போனியா?"

"நானா? இன்னாத்துக்குப் போறேன்? சத்தியம் பண்ணவன்மே நான்."

பொய் சொல்கிறவர் முகம் எனக்குத் தெரியும். அந்த முகம் இல்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பிக்கொண்டு சொன்னார்.

அடுத்த தடவை நடுப்பெட்டியைத் திறந்தேன். அதுவும் வெள்ளை. கிரவுன் தரைக்குக் கிட்டத்தில் இருக்கிறது, நடுப்பெட்டி அதற்கு மேலே. அது நனைந்தால் தண்ணீர் ஓட்டுபவர் காலடி வரைக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி நாளுக்கு நாள் உள்ளே போகிறது. நடுப்பெட்டிக்கு மேலே அவருடைய மார்புதான்.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் பின்னால் காலிச் சாக்குகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். உச்சி வெயில். பொன்னேரி தாண்டி வண்டி தாரை விட்டு இறங்கி மணலில் ஏறியது. நாலு சக்கரமும் இழுப்பதற்கான சின்னக் கம்பிகள் இரண்டையும் அவர் இழுத்த சத்தம் கேட்டது. முன் சக்கரம் பிடித்தது. அங்கே ஒரு காக்கை கூட இல்லை. வண்டி நேராக ஏரிக்குள் இறங்கியது. சூட்டில் இருந்த இரும்பு தண்ணீர் பட்டுச் சுர்ரென்று இழுத்தது. எஞ்சினை நிறுத்தினார். எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுடா தம்பி. அம்மா வழி பாத்துக்கினுகீது."

காத்திருந்தார். நானும் மூச்சுவிடாமல் காத்திருந்தேன். ரொம்ப நேரம். பிறகு, யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி கதவைச் சாத்தினார். வண்டியைப் பின்னால் எடுத்தார். வழியெல்லாம் பேச்சுக் குரல் கேட்டது, ஒரு குரல்தான், ஆனால் நடுவில் பதிலுக்கு இடம் விட்டு விட்டு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தம்பி ஒருநாள் இல்லை ஒருநாள் நிஜமாகவே ஏறுவான் என்று இவர் இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே போவார்.

மூன்று பெட்டியையும் அன்றைக்கே வடித்தேன். பேசின் நிறைய வெள்ளை. அதைத் தூக்கிக்கொண்டு போய் மாமியார் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு புள்ளைக்கு நீ ஊத்தல, அத்தை. அதனால இன்னொரு புள்ள போய்க்கினுகீறான்."

என் கன்னத்தில் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் செம்பில் பால் வாங்கிவந்து, மகனுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். எங்கே என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. வண்டி அதே மணலில் இறங்கியது, அதே இடத்தில் நின்றது. அவர் எட்டிக் கதவைத் திறந்தார்.

"ஏறுடா தம்பி."

"எடமில்லடா," என்றார் என் மாமியார். "நான் குந்திக்கினுகீறேன், பாரு. அவன் வர மாட்டான்டா. நீ அண்ணன். நீ ஊத்து." செம்பை மகன் மடியில் வைத்தார்.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு காலடியில் நுழைந்திருந்த தண்ணீரைப் பார்த்தார், அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி. "நான் எப்டிம்மா இங்க வந்தேன்?" என்றார். இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாலை ஊற்றினார். அது கொஞ்ச நேரம் கலையாமல் வெள்ளையாக நின்றது. அதன்பின் அவர் போட்ட கூச்சலை நான் எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு உப்புக்கோடு வரவில்லை. நடுப்பெட்டி கறுப்பாக இறங்கியது. பின் கிரவுனும் கறுப்பு. முன் கிரவுன் மட்டும் கறுப்புக்கு நடுவே ஒரு நூல் வெள்ளையை விடும். அச்சுக் குழாய்க்குள் தங்கின பழைய தண்ணீர், இரண்டு தடவை மாற்றினால் போய்விடும் என்றார் மெக்கானிக். நான் ஏழு தடவை மாற்றினேன். போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

தொழிற்பேட்டை வந்து லாரிகள் பெருகினதும் வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். எண்ணெயை வடித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று நான் அடியில் படுத்தேன். நடுப்பெட்டி, பின் கிரவுன், இரண்டையும் பார்த்தேன். முன் கிரவுனின் அடித் திருகைக் கழற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வடிகிற சத்தம் நிற்கிற வரைக்கும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கமே பார்த்திருந்தேன். பிறகு கையால் தடவியே திருகை மூடினேன். பேசினையும் பார்க்காமல் மண்ணில் கவிழ்த்தேன்.