அவர் பேசாமல் நின்ற பக்கங்கள்

பழுப்புத்தாள் அட்டை போட்ட நான்கு நீள நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. முதல் நோட்டின் பதினெட்டாம் பக்க ஓரத்தில், பென்சிலில், என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘பேசவும்’. அதன் கீழே என் சுருக்கொப்பம், தேதி. ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியில் தேதி போட்டு ஒப்பமிடுகிறவன் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்போது நான் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் அண்டர் செக்ரட்டரி.

நாவல் என் அண்ணி எழுதியது. கல்யாணமாகி நாலாம் வருடம் அண்ணன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். அவனுக்கும் டெல்லியில்தான் வேலை. அண்ணி ஊருக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை. கைக்குழந்தையோடு சரோஜினி நகரில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். ஒருநாள் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த நோட்டுகளை என் மேசைமேல் வைத்து, “ஒரு கதை எழுதிருக்கேன் தம்பி. பாத்துச் சொல்லுதியளா? ஜல்தி ஒண்ணும் இல்ல” என்றார். திருநெல்வேலித் தமிழை அவர் விடவேயில்லை. டெல்லி அதற்குள் ‘ஜல்தி’யை மட்டும் சொருகியிருந்தது.

கதை இதுதான். ஒரு விதவை, சர்க்கார் குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். வீட்டில் ஓர் ஆவி. அது யாரையும் பயமுறுத்துவதில்லை. மழை வருமுன் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வைக்கிறது. விடிகாலையில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குழாயைத் திறந்து விடுகிறது. அந்த ஆவிமேல் அவளுக்குக் காதல் வருகிறது. அதற்கும்தான். ஆனால் இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் படித்தது பதினெட்டுப் பக்கம். அதற்குள் பால் பூத் வரிசை மட்டுமே நான்கு பக்கம் நின்றது. பதினெட்டாம் பக்கத்தில்தான் சமையலறை வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். செய்தித்தாளை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

செய்தித்தாளை அப்படி மடித்துக் கக்கத்தில் செருகுகிறவன் என் அண்ணன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகப் போகிறது என்பதற்காக மட்டும் நான் நோட்டை மூடவில்லை. இறந்துபோன என் அண்ணனை அவன் மனைவி இன்னும் ஆசையோடு நினைக்கிறார் என்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. என் வீட்டுக் கூரைக்குக் கீழே, என் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையா எழுதிக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லும் துணிவும் இல்லை. படித்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. ஆகவே, அலுவலகத்தில் செய்வதைச் செய்தேன். எங்கள் கோப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோப்பைப் படிக்க நேரமில்லை, அல்லது மனமில்லை என்றால் ஓரத்தில் ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம். கோப்பை அனுப்பியவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று பொருள். அவர் வருவதற்குள் வாரங்கள் போய்விடும். சில கோப்புகள் வரவே வராது. தமிழில் எழுதிய நோட்டாயிற்றே என்று அதைத் தமிழாக்கி ‘பேசவும்’ என்று எழுதி, அவர் கண்ணில் படும்படி மேசைமேல் விரித்து வைத்தேன்.

அண்ணி அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அல்ல. வாயைத் திறக்காமல் நின்ற அந்த மனிதருக்கு நேராக ‘பேசவும்’ என்று இருந்ததைக் கண்டார். வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

என்னிடம் கொடுத்தது நல்ல பிரதி. அதை என் அலமாரியில் வைத்துவிட்டு, தன்னிடமிருந்த நகலை வெட்டியும் ஒட்டியும் இரண்டு வருடம் திருத்தி எழுதினார். பள்ளிவிட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவார். என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புது நோட்டுகளோடு வந்து, “நீங்க சொன்னது சரிதான் தம்பி. அவுகளப் பேச விட்டுட்டேன். மொதப் பக்கத்துலயே பேசுதாக” என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வாக்கியம் போதும்: அண்ணி, நான் படிக்கவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் பழைய பிரதி என் அலமாரியிலேயே இருந்தது, எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். நான் புது நோட்டைச் சும்மா புரட்டிவிட்டு, “இப்பதான் கதைக்கு உயிரே வந்திருக்கு அண்ணி” என்றேன்.

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது. பத்திரிகை ஒன்றில் நாலு வரி வந்தது. ஆவி ஓயாமல் உபதேசம் செய்கிறது, உயிரோடு இருக்கிற கணவன்மாரே தேவலாம் என்று யாரோ கிண்டலாக எழுதியிருந்தார்கள். அண்ணி அதைப் படித்துவிட்டு, “ரொம்பத்தான் பேசிட்டாக போல” என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. மகளுக்குக் கல்யாணமானதும் டெல்லியிலேயே ஜனக்புரிக்குப் போய்விட்டார்.

போன குளிர்காலத்தில் அண்ணியின் பேத்தி எனக்கு ஃபோன் செய்தாள். ஆவிகளையும் காதலையும் சேர்த்து எழுதும் ஆங்கில நாவல்களைக் கைபேசியிலேயே படித்துத் தள்ளுகிறவள். “தாத்தா, பாட்டி புக்க எனக்குப் படிச்சுக் காட்டுங்களேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நாலு பக்கம் போறதுக்குள்ள தூக்கம் வருது” என்றாள். ஆரம்பம் மெதுவாகப் போகும், உனக்குச் சலிக்கும் என்றேன். “அச்சா, அதுக்குப் பேரு ஸ்லோ பர்ன், காதல் மெதுவாப் பத்திக்கிறது. அதுக்காகத்தான் படிக்கிறதே” என்றாள். புத்தகத்தைத் தேடி அலமாரியைக் கலைத்தபோது அடியில் நோட்டுகள் கிடைத்தன. எங்கள் குடும்பத்தில் இன்று தமிழ் நாவலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அண்ணிக்குப் பார்வை மங்கிவிட்டது. படிக்காமல் விட்டவனே மிச்சமிருக்கும் ஒரே வாசகன்.

மூன்று நாளில் படித்து முடித்தேன். முதல் அறுபது பக்கம் இப்போதும் இழுவைதான். இதைச் சொல்லாமல் விட்டால் மறுபடியும் பொய் சொன்னவனாவேன். பால் பூத், ரேஷன் கடை, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் ஊறுகாய் ஜாடி என்று கதை நகரவே இல்லை. ஆனால் நூற்றிரண்டாம் பக்கத்தில் ஒரு ஜனவரிக் காலை வருகிறது. அவள் கண் விழிக்கிறாள். தனியாகப் படுத்திருந்தவள் கையை நீட்டிப் பார்க்கிறாள். பஞ்சு ரஜாய்ப் போர்வையின் மறுபாதி சூடாக இருக்கிறது. அவ்வளவுதான் அந்த அத்தியாயம். அதற்கு முன்னால் நூறு பக்கம் அவளோடு குளிரில் வரிசையில் நின்றிருக்காவிட்டால் அந்தச் சூடு எனக்குத் தெரிந்திருக்காது. அச்சான புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் தேடினேன். அங்கே ஆவி, “எழுந்துவிட்டாயா, நேரமாகிறது” என்கிறது.

அடுத்த ஞாயிறு மெட்ரோ பிடித்து ஜனக்புரிக்குப் போனேன். அண்ணி பால்கனி வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல் ஆவிக்கு எழுதியதல்ல, அவருக்கு எழுதியது என்றும், பதினெட்டாம் பக்கத்தோடு மூடிவிட்டேன் என்றும்.

அண்ணி இரண்டு காய் உரித்தார்.

“அப்போ அவுக சும்மாவே நின்னிருக்கலாம்.”

“நின்னிருக்கலாம் அண்ணி. இப்பத்தான் முழுசாப் படிச்சேன். அதுதான் நல்லா இருக்கு.”

“ஆரம்பம் இழுவையா இருக்கும்லா?”

“இருக்குது.”

“அவுக வாரதுக்கு நாளாகும்லா தம்பி” என்றார்.

அந்தப் பழைய பிரதியை நானே டைப் அடித்துத் தருகிறேன், மறுபடி அச்சுப்போடலாம் என்றேன். அண்ணி தலையாட்டி மறுத்தார். “வேண்டாம். உங்க அண்ணன் வீட்டுல அதிகம் பேச மாட்டாக, உங்களுக்கே தெரியும். என்ன பேசுவாகன்னு எனக்குப் பிடிபடவே இல்ல. முட்டி மோதிப் பாத்தேன். கடைசில, கூடப்பொறந்தவர்தானேன்னு நீங்க வீட்டுல பேசுதத வச்சே எழுதிட்டேன். இப்போ கண்ண மூடி அவுகள நெனச்சா, உங்க கொரலுதான் கேக்கு.”

கோபமே இல்லாமல், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். பட்டாணித் தோலை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பேத்திக்கு இப்போது நோட்டிலிருந்து ஃபோனில் படித்துக் காட்டுகிறேன், வாரம் பத்துப் பக்கம். அண்ணிக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை ஜனக்புரிக்கும் போகிறேன். அங்கே கேட்டதற்கு மட்டும், முடிந்தவரை குறைந்த வார்த்தைகளில் பதில் சொல்கிறேன். அந்த வீட்டில் என் குரல் கொஞ்சம் குறைந்தால் என் அண்ணன் பழையபடி வாய் மூடி நிற்க மாட்டானா என்று ஒரு நப்பாசை.

போன முறை அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்ன தம்பி, ஒடம்பு கிடம்பு முடியலையா, ஒண்ணுமே பேச மாட்டேங்கிய?” என்று கேட்டார்.