கேட்டுக்கு வெளியே நின்ற சைக்கிள்கள்

கோவைக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தபோது எனக்கு இரண்டே ஆசைகள். கல்லூரிக்குச் சைக்கிளில் போக வேண்டும்; ஹாரன் கேட்காத தெருவில் குடியிருக்க வேண்டும். "அங்கே சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டிருக்காங்களாமே" என்று சென்னையில் இருந்த தங்கை பொறாமைப்பட்டாள்.

பாதை இருந்தது. நீலப் பெயின்ட் அடித்து, சைக்கிள் படமும் வரைந்திருந்தார்கள். அதன்மேல் கார்கள் நின்றன. பேக்கரியில் டீ குடிக்க வந்தவர்களின் பைக்குகள் நின்றன. ஓர் இளநீர் வண்டியும் நின்றது. நான் லாரிகளுக்கு நடுவில் ஓட்டினேன்.

வீடு வடவள்ளிப் பக்கம் கிடைத்தது. கேட் போட்ட லேஅவுட், மாடி போர்ஷன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மில் மேனேஜர்.

"ஒரு சத்தம் கேக்காதுங்க. நல்ல ஆளுங்களாப் பாத்துத்தான் உடறோமுங்க" என்றார். பிறகு என் சொந்த ஊர், அப்பாவின் ஊர், குலதெய்வக் கோயில் என்று வரிசையாக விசாரித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் தவறாமல் ஒரு 'ங்க' இருந்தது. அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒரே விஷயம். அதை மட்டும் வாய்விட்டுக் கேட்காத நாகரிகத்தைத்தான் இவர்கள் மரியாதை என்கிறார்கள்.

"காரு எங்கீங்க நிறுத்துவீங்க?"

"கார் இல்லை. சைக்கிள்தான்."

"எக்ஸர்சைஸுக்குங்களா?"

"வேலைக்குப் போக."

துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

சைக்கிள் அந்த லேஅவுட்டுக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் தொடையோடு ஒட்டிய கால்சட்டையும் ஹெல்மெட்டுமாகக் கிளம்புவார்கள். சைக்கிளைக் காரின் தலையில் கட்டி, சிறுவாணி ரோடு வரை காரில் போய், இறங்கிக் கொஞ்ச தூரம் மிதித்து, போட்டோ எடுத்து, நெய்த் தோசை தின்று, காரிலேயே திரும்புவார்கள். அவர்களின் தலைவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளரும். கூடை வைத்த என் வண்டியைப் பார்த்து, "இது மேடு ஏறாதுங்க மேடம்" என்று சிரித்தார். தினமும் அது நரசிம்மநாயக்கன்பாளையத்தில் இருக்கும் என் கல்லூரி வரை போய் வருவதை நான் சொல்லவில்லை.

இரண்டாவது மாதம் சங்கக் கூட்டம். வெளியாட்களின் சைக்கிள்கள் உள்ளே வரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பெல் சத்தம் தொந்தரவாம், திருட்டுப் பயமாம். உள்ளே சைக்கிளில் வந்துகொண்டிருந்த வெளியாட்கள் ஒரு பூக்காரரும், நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஓர் அக்காவும்தான். அந்த அக்காதான் கூட்டத்தில் எங்களுக்கு வடைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை, வடையைத் தின்றேன்.

ஒரு வாரம் கழித்து, மாலை மழையில் நனைந்து வந்த என்னைப் புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் மறித்தார்.

"ஏனுங்கம்மா, வேலைக்கு வாரவங்க சைக்கிளை உள்ளே உடறதில்லீங்க. இங்கயே நிறுத்திப்போட்டு நடந்து போங்க."

அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அதற்குள் செயலாளரின் கார் வந்தது. கண்ணாடி இறங்கியது.

"அட, இவங்க புரொபசருங்க. உடுப்பா!"

"வேலைக்கு வர்ற அக்காவையும் விடச் சொல்லுங்க" என்றேன்.

"அது வேறைங்க மேடம்."

கண்ணாடி ஏறியது. எனக்காகத் திறந்த கேட் வழியாக நான் போகவில்லை. சுவரோரம் நின்ற அந்த அக்காவின் துருப்பிடித்த சைக்கிளுக்குப் பக்கத்தில் என்னுடையதை நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்தேன். அடுத்த நாளும் அப்படியே. பெரிய போராட்டம் நடத்துகிற நினைப்பு எனக்கு. செயலாளர் இரண்டு முறை வந்து, "எதுக்குங்க மேடம் இதெல்லாம்?" என்று கெஞ்சினார். கெஞ்சும்போதும் விதியை மாற்றுவதாகச் சொல்லவில்லை.

ஒரு மாலை சைக்கிளை எடுக்க வந்த அந்த அக்காவிடம், "எனக்கு இந்த இடமே வெறுத்துப்போச்சு அக்கா. வேற வீடு பார்த்துட்டேன்" என்றேன்.

அவர் ஈரமான சீட்டை முந்தானையால் துடைத்தார்.

"நீங்க போயிருவீங்க டீச்சர். எனக்கு இங்க நாலு ஊடு இருக்குதுங்க. அன்னிக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை பேசியிருந்தீங்கன்னா நல்லாருந்துருக்குமுங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார். செயலாளர்மேலும் வீட்டுக்காரர்மேலும் அத்தனை நாள் நான் வளர்த்து வைத்திருந்த இளக்காரத்தில் பாதி அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பியது.

அடுத்த மாதம் லேத் பட்டறைகள் இருக்கும் ஒரு தெருவுக்கு மாறினேன். "ரொம்பச் சத்தமா இருக்குமுங்களே" என்று பழைய வீட்டுக்காரர் கவலைப்பட்டார். இருக்கிறது. காலை எட்டு மணிக்கு இரும்பைக் கடைய ஆரம்பிக்கிறார்கள். ஜன்னலை அடைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்துகிறேன். அப்படியும் தலை வலிக்கிறது.