ஜிமிக்கி சொன்ன பதில்

மைசூரில் பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் எங்கள் பள்ளியில் இன்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி. நடத்த வந்தவர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளி ஊர்க்காரர். அவருக்கும் பார்வை கிடையாது.

ஒரு பாடத்தை விளக்கிவிட்டு, "அர்த்த ஆய்தா? புரிஞ்சுதுங்களா?" என்றார்.

எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம்.



அவர் சிரித்தார். "ஜிமிக்கி போட்ட மேடத்துக்கு மட்டுந்தான் புரிஞ்சிருக்குதுங்க போல."

அது நான்தான். வகுப்பிலும் நான் இப்படித்தான் தலையாட்டுவேன்.

"சத்தத்தை வெச்சே ஆமாவா இல்லையான்னு சொல்லிடலாமா சார்?"

"அதை உங்க பசங்களைக் கேளுங்க."

மதியம் வகுப்பில் கேட்டேன். ஒருத்தி உடனே சொன்னாள்: "ஆமான்னா ரெண்டு தடவை ஆடும் மிஸ். ஹெச்.எம். மேடம் பேசினா மட்டும் நிக்கவே நிக்காது."

நாளைக்கு ஸ்டாஃப் மீட்டிங். சத்தம் போடாத தோடு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.